மேப்பிள் வேண்டாம், பூமருது இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இலை சிவக்கும் மரம் வாசலில் வேண்டுமென்று மேப்பிள் கன்றுக்குப் பணம் கொடுப்போர் கவனத்துக்கு. அந்த மரத்துக்குக் கடுங்குளிரில் சில வாரம் உறக்கம் வேண்டும். கோவையில் தை மாத இரவுகூடச் சராசரியாக 18 டிகிரி அளவில்தான் நிற்கும். பங்குனி வெயிலிலேயே இலை கருகத் தொடங்கிவிடும்.

நம் சீமைக்குப் பூமருது போதும். தை, மாசியில் இலை செம்பு நிறமாகிச் சிவந்து உதிரும். சித்திரை, வைகாசியில் ஊதாப் பூ. விட்டால் 40 அடி போகும். இலை உதிர்ந்து, துளிர் வருமுன் கவாத்து செய்தால் 20 அடியில் நிறுத்தலாம். பூ புதுக் கிளை நுனியில்தான் வரும் என்பதால் துளிர்த்த பின் வெட்டினால் அந்த வருடப் பூ போச்சு.

புரட்டாசிக் கடைசியில் 2 அடி நீள, அகல, ஆழக் குழி எடுங்கள். மேல்மண்ணோடு மக்கிய தொழு எரு இரண்டு சட்டி, வேப்பம்புண்ணாக்கு அரைக் கிலோ. பைக்குள் சுருண்ட வேரை வெட்டிவிட்டு, பையில் இருந்த மண்மட்டத்துக்கு மேல் புதைக்காமல் நடவேண்டும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆடியில் கன்றைச் சாய்த்துவிடும். குச்சியை மேற்குப் பக்கம் ஊன்றி, கயிற்றை எட்டு வடிவில் தளர்வாகக் கட்டுங்கள். முதல் வருடம் மழை இல்லாத நாட்களில் வாரம் இருமுறை 15 லிட்டர் தண்ணீர்.

பலர் ஏமாறுவது நிறத்தில்தான். போர்வெல் உப்புத் தண்ணியைப் பாய்ச்சினால் இலை ஓரம் மட்டும் காய்ந்து பழுப்பாகி நொறுங்கும். அதைச் சிவப்பென்று நினைத்துவிடுகிறார்கள். உண்மையான சிவப்பு இலை முழுக்கப் பரவும், கையில் மடக்கினால் வளையும். வாரம் ஒருமுறையாவது நல்ல தண்ணி ஊற்றி உப்பைக் கீழே இறக்கலாம், தண்ணீர் தேங்காத இடமானால். சுண்ணாம்பு மண்ணில் இளம் இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது இரும்புக் குறை. லிட்டர் தண்ணீருக்கு அன்னபேதி (இரும்பு சல்பேட்) 5 கிராம், சிட்ரிக் அமிலம் 1 கிராம் கலந்து மாலையில் 15 நாள் இடைவெளியில் இரண்டு முறை தெளியுங்கள்.

ஐப்பசிக்குப் பிறகு யூரியா வேண்டாம். வளர்ந்த மரத்துக்கு மார்கழியில் தண்ணீரையும் குறையுங்கள். இல்லையேல் இலை பச்சையாகவே நின்று மங்கலாக உதிரும். நல்ல வெயில் படாத மூலையிலும் சிவப்பு ஏறாது, மஞ்சளோடு நின்றுவிடும்.

மின்கம்பிக்கு அடியில் மட்டும் நட்டுவிடாதீர்கள்.

– மரம் வளர்ப்போர் சிலர், பெருந்துறை