ஆம்புலன்ஸ் ஓட்டியவரா? நடுவர் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நடுவர் குழுவினருக்கு,

வணக்கம். போன மாதம் நீங்கள் நடத்திய பேச்சுப் போட்டியில் 'போர்க்களத்தில் வீரம்' என்ற தலைப்பில் பேசிய பிள்ளைகளில் என் பேத்தியும் ஒருத்தி. முடிவு உங்களுக்குத் தெரியும். அதன் பிறகு நான் இரண்டு முறை நேரில் வந்து போனதும் தெரியும். இரண்டு முறையும் "கமிட்டியில் வைத்துச் சொல்கிறோம் ஐயா" என்றீர்கள். கமிட்டி கூடியதாகத் தெரியவில்லை. அதனால்தான் இந்த மடல்.

அவள் மதிப்பெண் தாளில் உச்சரிப்புக்கு 9, குரல்வளத்துக்கு 8 என்று தாராளமாகத்தான் போட்டிருக்கிறீர்கள். தலைப்புப் பொருத்தத்துக்கு மட்டும் பூஜ்யம். பக்கத்திலேயே சிவப்பு மையில் ஒரு குறிப்பு: 'ஆம்புலன்ஸ் ஓட்டியவர். போர் வீரர் அல்ல.'

அவள் பேசியது லெப்டினன்ட் கர்னல் ஆற்காடு கோவிந்தராஜ் ரங்கராஜைப் பற்றி. கொரியப் போரில் இந்தியாவின் 60வது பாராசூட் பீல்ட் ஆம்புலன்ஸுக்குத் தலைமை தாங்கிய டாக்டர். மகாவீர் சக்ரா பெற்றவர். பரம்வீர் சக்ராவுக்கு அடுத்த போர்க்கால விருது அது. பெயரின் முதல் சொல்லே ஆற்காடு. ஆற்காட்டுக்கு டவுன் பஸ்ஸில் போகிற தூரத்தில் உட்கார்ந்துகொண்டு அவரை வண்டி ஓட்டியாக்கிவிட்டீர்கள்.

பீல்ட் ஆம்புலன்ஸ் என்பது சைரன் போட்டுக்கொண்டு போகும் வண்டி இல்லை ஐயா. ராணுவத்தில் அது ஒரு படைப்பிரிவின் பெயர். டாக்டர்கள், நர்சிங் அசிஸ்டெண்டுகள், ஸ்ட்ரெச்சர் தூக்குகிறவர்கள், சமையல்காரர் வரைக்கும் அதில் உண்டு. சண்டை நடக்கும் இடத்துக்குப் பின்னாலேயே கூடாரம் அடித்து, வருகிற உடம்பில் உயிர் இருக்கும்போதே தையல் போடுகிற கூட்டம் அது. எனக்கு எப்படித் தெரியும் என்றால், நானும் அந்த வேலையில் இருந்தவன். ராணுவ மருத்துவப் பிரிவில் 23 ஆண்டுகள் நர்சிங் அசிஸ்டெண்ட். பனிமலையில் ஒரு பையனை ராத்திரி முழுக்க ஸ்ட்ரெச்சரில் இறக்கிக்கொண்டு வந்தபோது, சலைன் உறைந்துவிடக் கூடாது என்று பாட்டிலைச் சட்டைக்குள் வயிற்றோடு கட்டிக்கொண்டு நடந்தேன். அதை வீரம் என்று நான் சொல்லவில்லை. குளிரைப் பற்றிக் கொஞ்சம் தெரியும் என்பதற்காகச் சொன்னேன்.

என் பேத்தி சொன்ன ரயில் கதையை நீங்கள் முழுதாகக் கேட்டீர்களா என்பதுதான் என் சந்தேகம். அந்த இடத்தில்தான் மணி அடித்தீர்கள் என்கிறாள்.

1950 நவம்பரில் ரங்கராஜின் பிரிவு தென்கொரியாவின் பூசான் துறைமுகத்தில் இறங்கியது. சண்டையிடப் படை அனுப்ப இந்தியா சம்மதிக்கவில்லை; மருத்துவப் பிரிவை மட்டும் அனுப்பியது. அவர்கள் வடகொரியத் தலைநகர் பியோங்யாங்குக்குப் போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே வடகொரியாவுக்குத் துணையாகச் சீனப் படை இறங்கி, தென்கொரியாவுக்காகச் சண்டையிட்ட ஐ.நா. படையினர் எல்லோரும் தெற்கே பின்வாங்க வேண்டியதாயிற்று. தண்ணீர் கல்லாகிற குளிர். அந்தக் குளிர்காலத்தில் வலி தணிக்கும் மார்ஃபின் ஊசி உறையாமல் இருக்க அமெரிக்க மருத்துவ உதவியாளர்கள் அதை வாய்க்குள் அடக்கி வைத்திருந்தார்கள். ஏற்றிக்கொண்டு போகப் போதுமான வண்டிகள் இல்லை. சாமானைப் போட்டுவிட்டு ஆளை மட்டும் காப்பாற்றிக்கொள் என்பதுதான் அப்போது எவருக்கும் தோன்றுகிற யோசனை. ரங்கராஜ் மறுத்துவிட்டார். கத்தி, கட்டில், மருந்துப் பெட்டி எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தால், அப்புறம் அந்த டாக்டர்கள் எதை வைத்து யாரைக் காப்பாற்றுவது?

ஸ்டேஷனில் ஒரு பழைய நீராவி எஞ்சினும் சில பெட்டிகளும் கிடந்தன. ஓட்டத் தெரிந்தவர்கள் பிரிவுக்குள்ளேயே இருந்தார்கள். பாய்லரில் தண்ணீர் இல்லை. வரிசையாக நின்று, வாளி வாளியாகக் கைமாற்றி நிரப்பினார்கள். அந்தக் குளிரில் வாளித் தண்ணீர் கையில் சிந்தினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். சாமான்களையெல்லாம் ஏற்றிக்கொண்டு கிளம்பிய அந்த ரயில், பாலங்கள் தகர்க்கப்படுவதற்குச் சற்று முன்னால் ஆற்றைத் தாண்டியது.

சரி, ஒருவேளை அதைப் பார்த்துத்தான் 'ஓட்டியவர்' என்று எழுதினீர்களோ என்னவோ. ரயில் என்று திருத்தியிருக்கலாம்.

அடுத்த ஆண்டு மார்ச் 23. அமெரிக்காவின் 187வது வான்வழிப் படை முன்சான்-னியில் பாராசூட்டில் குதித்தபோது, அவர்களோடு 12 இந்தியர்களும் குதித்தார்கள். முன்னால் ரங்கராஜ். அவருக்கு அது புதிதல்ல; 1941ல் இந்தியர்களில் முதன்முதலாகப் பாராசூட்டில் குதித்த இருவரில் அவர் ஒருவர். இன்னொருவர் ஹவில்தார் மேஜர் மதுரா சிங். 1954 வரை அந்தப் பிரிவு கொரியாவில் இருந்தது. ஏறத்தாழ 2 லட்சம் பேருக்கு வைத்தியம் பார்த்தது. அதில் சிப்பாய்களும் உண்டு, ஊர் மக்களும் உண்டு. ராணுவத்தை விட்ட பிறகும் ரங்கராஜ் சும்மா இருக்கவில்லை. உலக சுகாதார நிறுவனத்துக்காக ஆப்கானிஸ்தானில் பெரியம்மையை ஒழிக்கப் போனார்.

2020 ஜூலையில் தென்கொரிய அரசு அவரை அந்த மாதத்தின் கொரியப் போர் நாயகராக அறிவித்தது. அவர் மறைந்து பல ஆண்டுகள் கழித்து. தென்கொரியத் தலைநகர் சியோலில் இருப்பவர்களுக்குத் தெரிந்த பெயர் இது.

ஆகவே என் வேண்டுகோள் ஒன்றே ஒன்றுதான்: அந்தச் சிவப்பு மை வரியை அடித்துவிட்டு, தலைப்புப் பொருத்தத்துக்கு மறுபடியும் மதிப்பெண் போடுங்கள்.

முதல் பரிசு பெற்ற பையன் நன்றாகத்தான் பேசினான். மேசையைத் தட்டி, கையைத் துப்பாக்கியாக்கிச் சுட்டும் காட்டினான். அவனைக் குறை சொல்லவில்லை. ஆனால் நம் ஊரில் வீரன் என்றால் மீசை வேண்டும், கையில் துப்பாக்கி வேண்டும், முடிந்தால் மெதுவாக நடந்து வர வேண்டும், பின்னால் எதாவது வெடிக்க வேண்டும். குனிந்து கட்டுப் போடுகிறவன் படத்தில் இரண்டு நிமிடம்தான் வருவான், மூன்றாவது நிமிடம் செத்துப்போவான். 2010ல் காபூலில், கையில் ஆயுதமே இல்லாமல் தற்கொலைப் படையாளி ஒருவனைக் கட்டிப் பிடித்து உயிரை விட்ட மேஜர் லைஷ்ராம் ஜோதின் சிங்கும் ராணுவ டாக்டர்தான். அவருக்கு அசோக சக்ரா. அவரையும் தலைப்புக்குப் பொருந்தவில்லை என்பீர்களா? இன்னொன்றும் கேட்கிறேன். குண்டு விழுகிற சாலையில் காயம்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு நிஜமாகவே ஆம்புலன்ஸ் ஓட்டியவர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவர் மட்டும் வீரர் இல்லையா?

கொஞ்சம் சூடாகிவிட்டேன், மன்னிக்கவும். லீவு நாளில் வெயிலில் உட்கார்ந்து நாள் முழுக்கப் பிள்ளைகள் பேச்சைக் கேட்பது லேசான வேலை இல்லை. அதற்கு நன்றி.

பரிசு வேண்டாம். கொடுத்த கோப்பையைத் திரும்ப வாங்கி அந்தப் பையன் மனதை நோகடிக்கவும் வேண்டாம். வரியை அடித்து, மதிப்பெண்ணைத் திருத்தி, பக்கத்தில் ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் போதும். வருகிற வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குத் தாளை எடுத்துக்கொண்டு வருகிறேன். பேத்தியும் வருவாள். மணி அடித்த இடத்திலிருந்து மீதியைச் சொல்ல ஐந்து நிமிடம் கேட்கிறாள்; முடிந்தால் கொடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாவட்டத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற நர்சிங் அசிஸ்டெண்ட் ஒருவன்