பேனாக்கத்தியை மூடவும் கற்றுக்கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விடுமுறைப் பயணத்துக்கு எடுத்துச் செல்ல வேண்டிய பொருள்களைப் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, மடக்குக் கத்தியையும் அந்தப் பட்டியலில் சேர்த்திருந்தது. பழம் நறுக்க, கயிறு அறுக்க, பார்சல் பிரிக்க அது நல்ல துணைதான். ஆனால் பழைய பாணி மடக்குக் கத்தியைப் புதிதாக வாங்குபவர்களில் பலர் முதல் சில நாள்களிலேயே விரலை அறுத்துக்கொள்கிறார்கள். அந்தக் காயம் எப்படி ஏற்படுகிறது, எப்படித் தவிர்ப்பது என்று கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. அந்தக் குறையைப் போக்கவே இதை எழுதுகிறேன்.

எதையாவது வெட்டும்போதுதான் கை அறுபடும் என்று நினைக்கிறோம். இந்த வகைக் கத்தியில் ஆபத்தான நேரம் அதை மூடும் நேரம். சுவிட்சர்லாந்தின் சிவப்புக் கத்தி, இங்கிலாந்தின் ஷெஃபீல்டு கத்தி, அமெரிக்காவின் எலும்புப் பிடி போட்ட கத்தி எனப் பழைய பாணியில் எதை எடுத்தாலும் உள்ளே ஒரே ஏற்பாடுதான். பிடியின் முதுகுப் பக்கம் நீளமாக ஓர் எஃகுப் பட்டை இருக்கும், அதுதான் ஸ்பிரிங். அலகின் அடிப்பகுதியில் தட்டையான முகங்கள் இருக்கும். ஸ்பிரிங் அந்த முகங்களில் ஒன்றை அழுத்திக்கொண்டிருப்பதால் அலகு திறந்தோ மூடியோ நிற்கிறது. பூட்டு எதுவும் கிடையாது. பிரிட்டனில் இதற்குச் சட்டக் காரணமும் உண்டு. 1988-ஆம் ஆண்டு குற்றவியல் நீதிச் சட்டத்தின்படி, வெட்டும் வாய் 3 அங்குலத்துக்கு மேற்படாத மடக்குக் கத்தியைக் காரணம் சொல்லாமல் பொது இடத்தில் வைத்துக்கொள்ளலாம். அலகு பூட்டிக்கொள்ளும் கத்திக்கு இந்தச் சலுகை இல்லை என்று 1993-இல் அங்கே தீர்ப்பும் வந்தது. ஆகவே பூட்டில்லாத கத்தி இன்றும் புதிது புதிதாகச் செய்யப்படுகிறது, விற்கப்படுகிறது.

மூடுவதற்காக அலகைத் தள்ளும்போது, அடிப்பகுதியின் மூலை ஸ்பிரிங்கை மேலே தூக்குகிறது. அந்தத் தொடக்கத்தில்தான் அதிக பலம் வேண்டும். மூலை தாண்டியதும் நிலைமை தலைகீழாகிறது: அதுவரை எதிர்த்த அதே ஸ்பிரிங் அலகை உள்ளே இழுக்கிறது. நாம் கொடுத்துக்கொண்டிருந்த பலமும் அதோடு சேர்ந்துகொள்ள, அலகு படீரென்று பிடிக்குள் பாய்கிறது. சில கத்திகளில் 90 பாகையில் அலகு ஒருமுறை நின்று, பிறகு மூடும். அங்கே விரலை நகர்த்திக்கொள்ள அவகாசம் கிடைக்கிறது. சுவிஸ் கத்தியின் பெரிய அலகில் அந்த நிறுத்தம் கிடையாது.

புதுக் கத்தியில் ஸ்பிரிங் விறைப்பாக இருக்கும். மூட்டில் பட்டறைத் தூசும் பாலிஷ் பொடியும் ஒட்டியிருக்கும். அலகு அசைய மறுக்கிறது என்றதும் எவரும் பிடியை இறுக்கிப் பிடிப்பார்கள். இறுக்கிப் பிடித்தால் நான்கு விரல்களும் பிடியைச் சுற்றி வளைந்து, அலகு வந்து விழும் பள்ளத்தின் மேலேயே படிகின்றன. பழகிய கத்தியைவிடப் புதுக் கத்தி அதிகம் கடிப்பது இதனால்தான்; புதிய கூர்மை மட்டும் காரணமல்ல. பெரும்பாலும் ஆள்காட்டி விரலின் உள்பக்கம், முதல் கணுவுக்கும் இரண்டாம் கணுவுக்கும் நடுவில் வெட்டு விழும்.

வலக்கைப் பழக்கம் உள்ளவர் மூட வேண்டிய முறை இது. பள்ளம் மேலே பார்க்கும்படி பிடியை இடக்கையில் கிடத்துங்கள். ஸ்பிரிங் உள்ள முதுகு, விரல்களின் அடிப்பகுதியில் படிய வேண்டும். கட்டைவிரல் ஒரு பக்கத் தட்டிலும், மற்ற விரல்களின் நுனிகள் எதிர்ப்பக்கத் தட்டிலும் இருக்கட்டும். நுனி எதுவும் பள்ளத்தின் விளிம்புக்கு மேலே எழக்கூடாது. மேலிருந்து பாருங்கள்: பள்ளம் முழு நீளத்துக்கும் கண்ணுக்குத் தெரிந்தால் பிடிப்பு சரி, எங்காவது விரல் அதை மறைத்தால் தவறு. பிறகு வலக்கையால் அலகின் முதுகை மட்டும் தள்ளி, அலகைச் செங்குத்தாக நிறுத்துங்கள். அங்கே ஒரு கணம் நின்று இரு கைகளின் இடத்தையும் மறுபடி பாருங்கள். அதற்குப் பின், கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் அலகின் இரு பக்கங்களையும் முதுகை ஒட்டிக் கிள்ளிப் பிடித்து, மெதுவாக உள்ளே இறக்குங்கள். ஸ்பிரிங் இழுக்கத் தொடங்கினாலும் அலகு உங்கள் பிடியில்தான் இருக்கும். இன்னொரு நன்மையும் உண்டு: படீரென்று மூடினால் சில கத்திகளில் வெட்டும் வாய் உள்ளே ஸ்பிரிங்கில் மோதி அந்த இடம் மழுங்கிவிடும், கையால் இறக்கினால் அது நேராது. தொடையில் அழுத்தி ஒரே கையால் மூடும் பழக்கத்தைப் பூட்டில்லாத கத்தியில் அறவே விட்டுவிட வேண்டும்.

திறக்கும்போதும் கவனம் தேவை. அலகின் பக்கத்தில் இருக்கும் நகக்குழியில் கட்டைவிரல் நகத்தைக் கொடுத்து இழுக்கிறோம். நகம் வழுக்கினால் பாதி திறந்த அலகு திரும்பி அறைந்து மூடும். குளித்த உடனேயும் பாத்திரம் கழுவிய பிறகும் நகம் ஊறி மென்மையாக இருக்கும், எளிதில் மடங்கும். விறைப்பான கத்தியைத் திறக்கச் சிறு சைக்கிள் டியூப் துண்டு போதும்; அலகின் இரு பக்கமும் அதை வைத்துக் கிள்ளி இழுத்தால் வழுக்காது. நகக்குழி வலக்கைக்காரருக்கு வாட்டமாகவே வெட்டப்பட்டிருக்கும் என்பதால் இடக்கைக்காரர்களுக்கு இந்த முறை இன்னும் உதவும். கத்தியில் இரண்டு அலகுகள் இருந்தால் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் திறக்க வேண்டும். இரண்டையும் திறந்து வைத்துக்கொண்டு ஒன்றை மூடப் போனால் மற்றது கையைக் கிழிக்கும்.

வாங்கியதும் முதலில் செய்ய வேண்டியது மூட்டைச் சுத்தம் செய்வது. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் மூட்டை நனைத்துப் பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்து, அலகைச் சில முறை திறந்து மூடினால் கறுப்பாக அழுக்கு வரும். அது நிற்கும்வரை அலசி, நன்றாகத் துடைத்துக் காய வைத்து, ஆணி இருக்கும் இடத்தில் இருபுறமும் ஒவ்வொரு சொட்டு எண்ணெய் விடுங்கள். சமையல் எண்ணெய் நாளடைவில் பிசுபிசுத்து மூட்டை மேலும் இறுக்கும். மருந்துக் கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் பழம் வெட்டும் கத்திக்கும் ஏற்றது. பழகும்வரை வெட்டும் வாயின் மேல் ஒரே அடுக்குக் காகித டேப் ஒட்டி, திறந்து மூடிப் பாருங்கள். பெரும்பாலான கத்திகளில் அந்த ஒரு அடுக்கோடு அலகு பள்ளத்துக்குள் போகும். மூட்டு தளர்வதற்குள் கையும் பழகிவிடும்.

மரப்பிடி போட்ட பிரெஞ்சு ஒப்பினெல் கத்தியைப் பலரும் இதே வகை என்று நினைக்கிறார்கள். அதன் கதை வேறு. 1890-இல் சவோய் பகுதியில் ஜோசப் ஒப்பினெல் செய்த அந்தக் கத்திக்கு முதுகு ஸ்பிரிங் கிடையாது. மரமும் ஆணியும் கொடுக்கும் இறுக்கத்தில்தான் அலகு நிற்கும். 1955-இல் சேர்க்கப்பட்ட சுழலும் உலோக வளையம் திறந்த அலகைப் பூட்டுகிறது. 6-ஆம் எண்ணும் அதற்கு மேலும் உள்ள அளவுகளில்தான் வளையம் வரும்; பைக்குள் அடங்குகிறதே என்று சிறிய எண்ணை வாங்கிவிட்டுப் பூட்டைத் தேடாதீர்கள். வளையம் இருந்தும் அதைச் சுழற்ற மறப்பதால் நேரும் காயங்களும் உண்டு. மழைக்காலத்தில் மரம் ஈரம் குடித்து உப்பி அலகை இறுக்கிவிடும். அப்போது அலகைக் கிள்ளி மூர்க்கமாக இழுக்கக்கூடாது. வளையத்தைத் திறந்த நிலையில் வைத்துப் பிடியின் பின்முனையை மேசை விளிம்பில் தட்டினால் அலகு சற்று வெளியே எட்டிப் பார்க்கும். சவோய்க்காரர்கள் அப்படித்தான் திறக்கிறார்கள். ஜப்பானின் மிக்கி நகரத்து ஹிகோனோகாமி கத்தியிலும் ஸ்பிரிங் இல்லை, பூட்டும் இல்லை. வெட்டும்போது, அலகின் வால் போல் நீண்டிருக்கும் சிறு நெம்பைக் கட்டைவிரல் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். விரலை எடுத்தால் அலகைத் தடுக்க எதுவுமில்லை. பள்ளிப் பிள்ளைகள் பென்சில் சீவ வைத்திருந்த கத்தி அது. இப்போது அழகுப் பொருளாக இணையத்தில் வாங்குபவர்களுக்கு அந்த நெம்பு எதற்கென்று யாரும் சொல்வதில்லை.

வெட்டும்போது அலகு எப்போது மடங்கும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். வெட்டும் வாயின் பக்கம் அழுத்தம் இருக்கும்வரை பூட்டில்லாத கத்தியும் நிலையாக நிற்கும். முனையால் குத்தித் துளை போடும்போதும், தடித்த அட்டையில் சிக்கிய அலகை ஆட்டி எடுக்கும்போதும், முதுகில் தட்டும்போதும் அழுத்தம் எதிர்த்திசையில் விழுகிறது; அலகு விரல்மேல் மடங்குகிறது. பெல்ட்டில் துளை போடுவது, தேங்காய்க் கண்ணைக் குடைவது, டின் மூடியை நெம்புவது எல்லாம் இதன் வேலையல்ல. மாம்பழத்தைக் கையில் வைத்து வெட்டாமல் தட்டில் வைத்து வெட்டுங்கள். அரிவாள்மனையில் பழகிய கை பொருளைத்தான் வாயை நோக்கித் தள்ளும்; கத்தியைப் பிடித்ததும் அந்தப் பழக்கம் கட்டைவிரலை அலகின் வழியில் கொண்டுபோய் வைக்கிறது. நம் வீடுகளில் இதைக் குறிப்பாகச் சொல்லித் தர வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் அறுபட்டால், முதலில் அந்த விரலில் மோதிரம் இருந்தால் கழற்றுங்கள். வீங்கிய பின் கழற்ற முடியாது. ஓடும் குழாய்த் தண்ணீரில் காயத்தைக் கழுவி, சுத்தமான துணியை வைத்து 10 நிமிடம் விடாமல் அழுத்திப் பிடித்துக் கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்துங்கள். நின்றுவிட்டதா என்று நடுநடுவே துணியை எடுத்துப் பார்த்தால் உறையத் தொடங்கிய ரத்தம் மறுபடி பீறிடும். காபிப் பொடி, மஞ்சள் தூள், சுண்ணாம்பு எதையும் அப்ப வேண்டாம். காயத்துக்குள் அழுக்கைச் சேர்ப்பதோடு, தையல் போடும் மருத்துவர் அதையெல்லாம் சுரண்டி எடுக்க வேண்டியிருக்கும். ரப்பர் பேண்டால் விரலை இறுக்கிக் கட்டுவதும் தவறு.

ரத்தம் நின்றதும் விரலைச் சோதிக்க வேண்டும். பலர் இதைச் செய்வதே இல்லை. விரலின் உள்பக்கத்தில் தோலுக்குச் சற்றுக் கீழேயே தசைநாணும் நரம்பும் ஓடுகின்றன. நுனிக் கணுவைத் தனியாக மடக்கிப் பாருங்கள். நடுக் கணுவையும் மடக்கிப் பாருங்கள். நுனியின் இரு ஓரங்களையும் மெல்லத் தொட்டுப் பாருங்கள். மடங்காவிட்டாலோ, ஓர் ஓரம் மரத்திருந்தாலோ, மேல்காயம் சின்னதாகத் தெரிந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மடங்கினாலும் அப்போது கடுமையாக வலித்தால் தசைநாண் பாதி அறுந்திருக்கக்கூடும். அதையும் மருத்துவரிடம் காட்டுங்கள். அறுந்த தசைநாணைச் சில நாள்களுக்குள் தைத்தால் பலன் நன்றாக இருக்கும். வாரக்கணக்கில் தள்ளிப்போட்டால் அது சுருங்கி உள்ளே போய்விடும், அறுவை சிகிச்சையும் கடினமாகும். காயத்தின் ஓரங்கள் பிளந்து நின்றாலும், 10 நிமிட அழுத்தத்துக்குப் பிறகும் ரத்தம் நிற்காவிட்டாலும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவராக இருந்தாலும் வீட்டு வைத்தியம் போதாது. தடுப்பூசிகளை முழுமையாகப் போட்டுக்கொண்டவருக்குச் சுத்தமான சிறு காயம் என்றால் கடைசி ஊசிக்குப் பின் 10 ஆண்டுகள், அழுக்குப் பட்ட காயம் என்றால் 5 ஆண்டுகள் கடந்திருந்தால் டெட்டனஸ் ஊசி தேவைப்படும். எப்போது போட்டோம் என்று நினைவில்லாதவர் அதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

இந்தக் கத்திகளை இங்கே விற்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெட்டிக்குள் பல மொழிகளில் உத்தரவாதத் தாள் வைக்கிறீர்கள். ‘இந்தக் கத்தியில் பூட்டு இல்லை’ என்று தமிழில் ஒரு வரியும், மூடும்போது விரல்கள் எங்கே இருக்க வேண்டும் என்று ஒரு படமும் சேர்த்துவிடுங்கள். கடையில் விற்பவர் பில் போடும் முன் வாங்குபவரையே ஒருமுறை திறந்து மூடச் சொல்லிப் பார்க்கலாம்; அரை நிமிட வேலைதான்.

தங்கள் நாளிதழ் அடுத்த முறை மடக்குக் கத்தியைப் பரிந்துரைத்தால் மூன்று படங்களை அதோடு வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்: பள்ளம் முழுதும் தெரியும்படி பிடித்த இடக்கை, செங்குத்தாக நிற்கும் அலகு, முதுகை ஒட்டிக் கிள்ளி அலகை இறக்கும் வலக்கை. விரல்கள் பள்ளத்தை மறைத்திருக்கும் தவறான பிடிப்பையும் பக்கத்தில் போட்டுக் குறுக்குக் கோடிட்டால் சிறுவர்களுக்கும் புரியும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோயம்புத்தூர்