கூட்டணி பிழைத்தது, மாத்திரை வரவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் நம் தென்னாப்பிரிக்க பட்ஜெட் பற்றிய கட்டுரையை, எப்படியோ ஆளும் கூட்டணி பிழைத்தது என்று நிம்மதியாக முடித்திருந்தீர்கள். இருபது வருடமாக உங்கள் பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்குகிறவள் நான். அந்த வரியைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

2025 ஏப்ரல் 2 அன்று டிவி முன்னால் உட்கார்ந்திருந்தேன். நாடாளுமன்றத்தில் பட்ஜெட்டின் நிதித் திட்டத்துக்கு ஆதரவு 194, எதிர்ப்பு 182. கூட்டணியில் அமைச்சர் பதவிகளை வைத்துக்கொண்டிருந்த டி.ஏ. (ஜனநாயகக் கூட்டணி) என்ற கட்சியே எதிர்த்து ஓட்டுப் போட்டது. மறுநாள் எங்கே போனாலும் கூட்டணி நிற்குமா, உடையுமா என்ற பேச்சுதான். அதே மாதம் 24ஆம் தேதி நிதியமைச்சர் பட்ஜெட்டில் சொல்லியிருந்த வாட் வரி உயர்வைக் கைவிட்டார். எனக்கும் சந்தோஷம்தான். 2018இல் 14 சதவீதம் 15 ஆனபோது சோப்புக்கும் டீத்தூளுக்கும் கூடுதலாக எடுத்து வைத்தவள் நான். ஆனால் அந்த வரிப்பணம் வராது என்றானதும், மார்ச்சில் சுகாதாரத்துக்குச் சொல்லியிருந்த கூடுதல் தொகை மே பட்ஜெட்டில் குறைந்துபோனதே, அதைப் பற்றி ஒரு வரி எழுதினீர்களா?

என் கணவருக்குச் சர்க்கரை. காலை ஐந்து மணிக்கே அரசு கிளினிக் வாசலில் வரிசையில் நிற்கிறோம். பதினொரு மணிக்கு ஜன்னலை எட்டினால், மாத்திரை வரவில்லை, அடுத்த வாரம் வாருங்கள் என்கிறார்கள். அந்த நர்சைக் கோபித்துக்கொள்ளவும் மனம் வருவதில்லை. இரண்டு பேர் வேலையை அவள் ஒருத்தியே பார்க்கிறாள். டர்பனுக்கு வடக்கே டோங்காட்டில் என் அக்கா 2022 வெள்ளத்துக்கு அப்புறம் மாதக்கணக்கில் வாளியோடு டாங்கர் லாரிக்குக் காத்திருந்தாள். அப்போதும் நம் பத்திரிகையில் தலைவர்கள் வந்து பார்வையிட்ட படம்தான் பெரிதாக வந்தது.

சரி, யாரிடம் போய்க் கேட்பது? நாடாளுமன்றத்தின் தேசிய சபையில் 400 இடங்களும் ஓட்டு விகிதப்படி பங்கு போடப்படுகின்றன. டர்பனில் எங்கள் சாட்ஸ்வர்த் பகுதிக்கென்று, நாங்கள் ஓட்டுப் போட்டுத் தோற்கடிக்கக்கூடிய எம்.பி. ஒருவரும் கிடையாது. எம்.பி.க்கள், தங்கள் பெயரைப் பட்டியலில் போட்ட கட்சி சொல்கிற பக்கம் ஓட்டுப் போடுகிறார்கள். பட்ஜெட்டைத் திருத்தும் வழியை 2009இலேயே சட்டம் அவர்களுக்குக் கொடுத்துவிட்டது. இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததல்ல, ஐயா. தெரிந்தும் எழுதாமல் விட்டீர்களே என்பதுதான் என் வருத்தம்.

அடுத்த பட்ஜெட் ஓட்டெடுப்பு முடிந்ததும், எந்தக் கட்சி எந்தப் பக்கம் நின்றது, ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் தண்ணீருக்கும் எவ்வளவு கூடியது, எவ்வளவு குறைந்தது என்று கால் பக்கமாவது போடுங்கள். எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டால் என் கணவரும் படிப்பார்.

இப்படிக்கு,
சாட்ஸ்வர்த் வாசகி