பெட்டியில் நீங்கள் வைத்த சாக்கெட்டுக்கு நான் எப்படிப் பொறுப்பாவேன்?

அனுப்புநர்
டயர் கடை உரிமையாளர்,
கேத்தி, நீலகிரி மாவட்டம்.

பெறுநர்
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
மின்கருவித் தயாரிப்பு நிறுவனம்.

பொருள்: பேட்டரி இம்பாக்ட் ரெஞ்சுடன் (நட்டு கழற்றும் கருவி) தரப்பட்ட சாக்கெட் (நட்டின் மேல் மாட்டும் எஃகுக் குழல்) வெடித்து ஒருவர் காயமடைந்தது, வாரண்டி மறுக்கப்பட்டது தொடர்பாக.

ஐயா,

வணக்கம். கேத்தியில் 17 ஆண்டுகளாக டயர் கடை நடத்தி வருகிறேன். கேரட் ஏற்றி மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கும் பிக்கப் வண்டிகளும் டாக்சிகளும்தான் என் வாடிக்கை. கடந்த டிசம்பரில் கோயம்புத்தூரில் உள்ள உங்கள் விற்பனையாளரிடம் 20 வோல்ட் பேட்டரி இம்பாக்ட் ரெஞ்ச் ஒன்றை 11,400 ரூபாய்க்கு வாங்கினேன். கடையில் இருக்கும் ஏர் கன் காற்றழுத்தத்தில் நட்டைக் கழற்றுவது; அதில் சாக்கெட் மாட்டும் முனை முக்கால் அங்குலம், லாரிக்கு உரியது. கார்களுக்கு அதுவரை கை ஸ்பேனர்தான். வழியில் நின்றுபோன வண்டிக்குக் கையோடு எடுத்துக்கொண்டு போகலாம் என்பதால் உங்கள் அரை அங்குலக் கருவியை வாங்கினேன். ஒரு மாதம் நன்றாகவே உழைத்தது. என் புகார் அதன் மோட்டாரைப் பற்றியதல்ல.

ஜனவரி 9ஆம் தேதி காலை ஏழரை மணி. வெளியே புல் முழுவதும் உறைபனி வெளுத்துக் கிடந்தது. மசினகுடிக்குப் புறப்பட்ட டாக்சி ஒன்று பின் சக்கரம் காற்றிறங்கி வந்து நின்றது. மூன்று நட்டுகள் உடனே கழன்றன. நான்காவது துருவேறி இறுகியிருந்தது. என்னிடம் வேலை கற்றுக்கொள்ளும் 20 வயதுப் பையன் உங்கள் பெட்டியில் வந்த 19 எம்எம் சாக்கெட்டை மாட்டி டிரிக்கரை அழுத்தினான். ஐந்தாறு விநாடி ஒரே சீராக அடித்த சத்தம் திடீரென்று கீச்சென்று மாறியது. நான் "விடு" என்று சொல்லி வாய் மூடுவதற்குள் சாக்கெட் இரண்டாகப் பிளந்துவிட்டது. ஒரு துண்டு அவனுடைய பாதுகாப்புக் கண்ணாடியில் பட்டுத் தெறித்தது. இன்னொன்று கன்னத்தைக் கிழித்தது. குன்னூர் அரசு மருத்துவமனையில் மூன்று தையல் போட்டார்கள். கண்ணாடியின் வலது பக்கத்தில் பிறை வடிவில் ஒரு வெட்டு விழுந்திருக்கிறது. அதற்கு நேர் பின்னால் அவனுடைய கண் இருந்தது. என் கடையில் கண்ணாடி போடாமல் யாரும் கருவியைத் தொடக் கூடாது என்பது கட்டளை. அதனால்தான் அந்தப் பிள்ளைக்குப் பார்வை மிஞ்சியது.

சாக்கெட் உடைந்த வேகத்தில் கருவியின் சதுர முனையில் ஒரு மூலை சிதைந்து, சாக்கெட்டைப் பிடித்துக்கொள்ளும் வளையமும் தெறித்துவிட்டது. இப்போது எதை மாட்டினாலும் கழன்று விழுகிறது. கோயம்புத்தூர் சர்வீஸ் சென்டருக்கு அனுப்பினேன். 12 நாள் கழித்துத் திரும்பி வந்தது, ஒரு சீட்டோடு: "இம்பாக்ட் வேலைக்கு உரியதல்லாத சாக்கெட்டைப் பயன்படுத்தியதால் வாரண்டி பொருந்தாது."

அந்தச் சாக்கெட்டை நான் எங்கும் போய் வாங்கவில்லை. நீங்கள்தான் தந்தீர்கள். பெட்டிக்குள் கருவிக்குப் பக்கத்திலேயே, அதற்கென்று வெட்டிய குழியில், உங்கள் முத்திரையோடு பளபளவென்று நான்கு சாக்கெட்டுகள் இருந்தன. மீதி மூன்றும் இன்னும் என்னிடம் இருக்கின்றன.

சர்வீஸ் சென்டர் எழுதியது தொழில் முறையில் சரிதான். அதுதான் என் ஆத்திரத்தைக் கூட்டுகிறது. இந்தக் கருவி நட்டை நிதானமாகத் திருகுவதில்லை. உள்ளே இருக்கும் சுத்தி நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை அடித்து அடித்துத் திருப்புகிறது. அந்த அடியைத் தாங்குவதற்கென்றே குரோம் மாலிப்டினம் எஃகில், தடித்த சுவரோடு, கறுப்பு நிறத்தில் சாக்கெட் செய்கிறார்கள். கைக்கு உரிய பளபளப்பான சாக்கெட் பெரும்பாலும் குரோம் வனேடியம். கடினமானது, சுவர் மெல்லியது. தொடர்ந்து அடி வாங்கினால் மயிரிழை போல விரிசல் விட்டு, பிறகு ஒரே நொடியில் சிதறும். இது தெரிந்த கம்பெனிதான் கைச் சாக்கெட்டை இம்பாக்ட் பெட்டியில் அடுக்கி அனுப்பியிருக்கிறது. லாரி வேலைக்குக் கறுப்புச் சாக்கெட்டையே பழகியவன் நான். இந்தப் பளபளப்பைப் பார்த்ததும் எனக்கும் ஒரு சந்தேகம் எழுந்தது. கம்பெனியே சேர்த்துக் கொடுத்திருக்கிறது, ஏதாவது யோசித்துத்தான் செய்திருப்பார்கள் என்று நம்பினேன். அந்த நம்பிக்கைக்கு விலை கொடுத்தது ஒரு பிள்ளையின் கன்னம்.

உங்கள் விளக்கத் தாளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அதில் தமிழ் ஒரு வரிகூட இல்லை. பெட்டி மேல் பெரிய எழுத்தில் முறுக்கு விசை 400 நியூட்டன் மீட்டர் என்று அச்சிட்டிருக்கிறீர்கள். அது கழற்றும் விசை என்பது அடியில் பொடி எழுத்தில் இருக்கிறது. தாளில் உள்ள படத்தில் ஒருவர் கார் சக்கரத்தை இதே கருவியால் முழுவதுமாக முடுக்கிவிட்டுச் சிரிக்கிறார். சிறிய கார்களின் வீல் நட்டை முடுக்க ஏறத்தாழ 100 நியூட்டன் மீட்டர் போதும். டிரிக்கரை முழுவதும் அழுத்தி முடுக்கினால் நட்டு ஏறும் ஸ்டட் இழுபட்டுப்போகும், அதன் மரை போகும். நட்டைக் கையால் இரண்டு மூன்று சுற்று ஏற்றி, குறைந்த வேகத்தில் எதிரெதிராக ஒட்டவைத்து, ஜாக்கியை இறக்கிய பிறகு, முடுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் முடிக்க வேண்டும். ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடியதும் திரும்பச் சோதிக்க வேண்டும். உதகையிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிச் சாலையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். அதில் இறங்கும் வண்டிக்குச் சக்கரத்தை மாட்டிக் கொடுப்பவனுக்கு அந்தப் படம் என்ன கற்றுக்கொடுக்கும்?

சாக்கெட் மாற்றும்போது பேட்டரியைக் கழற்ற வேண்டும் என்பதோ, காது அடைப்பான் தேவை என்பதோ தாளில் இல்லை. உறைநிலைக்குக் கீழே குளிர்ந்த லித்தியம் பேட்டரியைச் சார்ஜில் போட்டால் அது உள்ளுக்குள் கெடும் என்ற எச்சரிக்கையும் இல்லை. எங்கள் ஊரில் ஜனவரி விடியற்காலைக்கு அந்த ஒரு வரி மிகவும் தேவை.

2020 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, சரியான பயன்பாட்டுக்குப் போதிய விளக்கமும் எச்சரிக்கையும் தராத தயாரிப்பாளரையே பொறுப்பாக்குகிறது. 84ஆம் பிரிவைப் பாருங்கள். கருவியை மாற்றித் தாருங்கள், அல்லது பணத்தைத் திருப்பித் தாருங்கள். பையனின் சிகிச்சைச் செலவையும், அவன் வேலைக்கு வராத ஒன்பது நாள் கூலியையும் ஏற்றுக்கொள்ளுங்கள். இவற்றைவிட முக்கியமானது ஒன்று: இதே பெட்டியை வாங்கிய மற்றவர்களுக்கு, அந்தச் சாக்கெட்டுகளை இம்பாக்ட் ரெஞ்சில் மாட்டக் கூடாது என்று அவரவர் மொழியில் உடனே தெரிவியுங்கள். விற்பனையாளர்களிடம் கிடக்கும் பெட்டிகளிலிருந்து அவற்றை எடுத்துவிட்டுக் கறுப்புச் சாக்கெட் வையுங்கள். இது நடக்காமல் என் பணம் மட்டும் திரும்பி வந்தால் எனக்கு நிம்மதி இராது.

15 நாட்களுக்குள் எழுத்து மூலம் பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, உதகையில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குச் செல்வேன்.

பில், சர்வீஸ் சென்டர் சீட்டு, மருத்துவமனைச் சீட்டு ஆகியவற்றின் நகல்களையும், கண்ணாடியின் புகைப்படத்தையும் இணைத்திருக்கிறேன். உடைந்த துண்டுகளைத் தபாலில் அனுப்பமாட்டேன். உங்கள் பொறியாளர் யாராவது நேரில் வந்தால் காட்டுகிறேன். ஞாயிறு தவிர எல்லா நாளும் காலை ஏழு மணிக்குக் கடை திறந்திருக்கும்.

இப்படிக்கு,
டயர் கடை உரிமையாளர்,
கேத்தி.