சுவர்களைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

வணக்கம். மேலூர்ப் பக்கம், பெரியாற்றுக் கால்வாய்த் தண்ணீரை நம்பி நெல் விளைக்கும் ஒரு சிற்றூரின் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் நான் தலைமை ஆசிரியை. இந்தக் கல்வியாண்டில் எங்கள் இரண்டு வகுப்பறைகளும் அடையாளமே தெரியாதபடி மாறியிருக்கின்றன. பார்க்க வருகிறவர்கள் பிள்ளைகளையும் எங்களையும் பாராட்டிவிட்டுப் போகிறார்கள். அந்தப் பாராட்டு சேர வேண்டிய இடம் இன்னும் பல உண்டு. உதவியவர்களில் பெரும்பாலோர் தங்கள் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். தொழிலைச் சொன்னாலே யாரென்று ஊருக்குத் தெரியும் என்பதால் அப்படியே எழுதுகிறேன்.

முதல் நன்றி, சிங்கப்பூரில் வேலை பார்க்கும் எங்கள் பழைய மாணவருக்கு. நான்கு சுவர்களுக்கும் கார்ட்டூன் படங்களோடு பிளக்ஸ் அடித்துத் தருவதாகத்தான் அவர் முதலில் சொன்னார். நல்ல மனதோடு சொன்னது. அச்சடித்த படம் ஒட்டிய அன்று அழகாக இருக்கும், ஒரு மாதம் போனால் எந்தப் பிள்ளையும் அதைத் திரும்பிப் பார்க்காது, தன் கையால் செய்த ஒன்று சுவரில் இருந்தால் தினமும் போய் நின்று பார்க்கும் என்று அவரிடம் விளக்கினேன். "சரி டீச்சர், பிள்ளைகளுக்கு எது வேண்டுமோ அதை வாங்குங்கள்" என்று சொல்லிப் பணத்தை அனுப்பிவிட்டார். அது சாஃப்ட் போர்டுகளாகவும், முனை மழுங்கிய கத்தரிக்கோல்களாகவும், கிரேயான் பெட்டிகளாகவும், சணல் உருண்டைகளாகவும் வந்து சேர்ந்தது. தன் ஆசையை விட்டுக்கொடுத்து உதவிய அவருடைய பெருந்தன்மையை நான் பணத்துக்கு மேலாக மதிக்கிறேன்.

பலகைகளை அடித்துக் கொடுத்த தச்சு அண்ணனுக்கு அடுத்த நன்றி. வழக்கமாகப் பள்ளிகளில் இவற்றைப் பெரியவர்களின் கண் உயரத்தில்தான் மாட்டுகிறார்கள். கல்வி அதிகாரி பார்க்க வசதியாக இருக்கும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிக்கும். இதை நான் எடுத்துச் சொல்வதற்கு முன்பே அண்ணன் ஒரு சிறுமியைச் சுவரோரம் நிற்கச் சொல்லி, அவள் கண் வரும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். எங்கள் பலகைகள் எல்லாம் அந்தக் கோட்டை நடுவாக வைத்து மாட்டியவை. மூலைகளை உருட்டிவிட்டிருக்கிறார். குண்டூசி வேண்டாம் என்று சட்டத்தின் இரு பக்கமும் சிறு கொக்கி வைத்துச் சணல் கட்டிக் கொடுத்தார். தாள்கள் துணிக் கிளிப்பில் தொங்குகின்றன. போகிற போக்கில், கதவு திறந்து மூடும் தரையில் கோணமானி ஒன்றையும் பெயின்டால் வரைந்துவிட்டுப் போனார். கதவு இப்போது எத்தனை பாகை திறந்திருக்கிறது என்பது ஐந்தாம் வகுப்பில் அன்றாடக் கேள்வி.

கம்பிப் பந்தல் போட்டுக் கொடுத்த மின்பணியாளர் தம்பியை மறக்க முடியாது. செயல்வழிக் கற்றல் 2007-08இல் தமிழ்நாடு முழுவதும் வந்தபோது, வகுப்பறையின் குறுக்கே கம்பி இழுத்துப் பிள்ளைகளின் படைப்புகளைத் தலைக்கு மேலே தொங்கவிடும் வழக்கமும், சுவரின் அடிப்பகுதியில் பிள்ளைகள் எழுதக் குட்டைக் கரும்பலகைகளும் வந்தன. பாடமுறைகள் அதற்குப் பிறகு மாறிவிட்டாலும் அந்த இரண்டும் அருமையான ஏற்பாடுகள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எங்கள் பள்ளியில் கம்பிகள் துருப்பிடித்து அறுந்து, குட்டைப் பலகைகள் சுண்ணாம்புக்கு அடியில் போயிருந்தன. தம்பி மின்விசிறிக்குத் தள்ளிப் புதுக் கம்பி இழுத்தார். பலகைகளைச் சுரண்டிக் கறுப்பு பூசியவர்கள் பள்ளி மேலாண்மைக் குழுவின் தாய்மார்கள். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்த வேலையிலேயே இருந்தார்கள்.

எல்லாச் சுவரையும் நிரப்பிய எங்களை, கரும்பலகை இருக்கும் முன்சுவரை மட்டும் ஏன் வெறுமையாக விட்டீர்கள் என்று பலர் கேட்டார்கள். அது தெரிந்தே செய்தது. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 24 மழலையர் வகுப்புப் பிள்ளைகளிடம் செய்த ஓர் ஆய்வு 2014இல் வெளியானது. அதே பிள்ளைகளுக்குச் சில பாடங்களை அலங்காரம் நிறைந்த அறையிலும், சில பாடங்களை வெறும் சுவருள்ள அறையிலும் நடத்திப் பார்த்தார்கள். அலங்கார அறையில் கவனம் சிதறிய நேரம் 38.6 விழுக்காடு, வெறும் அறையில் 28.4. பிறகு வைத்த தேர்வில் சரியான விடைகள் அலங்கார அறையில் 42 விழுக்காடு, மற்றதில் 55. சிறிய ஆய்வுதான். ஆனால் பாடம் நடக்கும்போது பிள்ளைகளின் பார்வை எங்கே அலைகிறது என்று இத்தனை வருடமாகப் பார்த்துவருகிறவள் நான். அந்த முடிவு எனக்குப் பொருத்தமாகப் பட்டது. எனவே பக்கச் சுவர்களும் பின்சுவரும் படைப்புகளுக்கு, முன்சுவர் பாடத்துக்கு. வட்டார வள மையத்தின் ஆசிரியப் பயிற்றுநர் இதைக் கேட்டுத் தயங்காமல் ஆதரித்தார். அவருக்கும் நன்றி.

இனி, எல்லோரும் நின்று பார்க்கிற அந்தப் பின்சுவரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பிள்ளைகளைக் கீழடி அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போயிருந்தோம். ஆதன், குவிரன் என்று பெயர் கீறிய பானை ஓடுகள் அவர்களை அப்படிக் கட்டிப்போட்டன. தங்கம், முத்து, பகடைக் காய் எல்லாவற்றையும்விட, யாரோ ஒருவர் தம் பானையில் தம் பெயரை எழுதி வைத்தார் என்பது அவர்களுக்கு உடனே புரிந்தது. சிலேட்டிலும் டிபன் பெட்டியிலும் அவர்களும் அதைத்தானே செய்கிறார்கள்! எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே மாங்குளத்திலும் அரிட்டாபட்டியிலும் குன்றுகளில், தமிழின் பழைய எழுத்து வடிவமான தமிழியில் வெட்டிய கல்வெட்டுகள் இருக்கின்றன. மாங்குளத்தில் பாண்டிய மன்னன் நெடுஞ்செழியன் பெயரே வெட்டப்பட்டிருக்கிறது. இவ்வளவும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, பிறந்தநாள் பலகைக்குப் பலூன் படம் எதற்கு என்று உடன் பணிபுரியும் ஆசிரியர் கேட்டார். அந்த ஒரு கேள்வியிலிருந்து வளர்ந்ததுதான் பெயர்ச்சுவர். அவருக்கு என் நன்றியைத் தனியாகச் சொல்லிக்கொள்கிறேன்.

பக்கத்து ஊரில் மண்பாண்டம் செய்யும் ஐயாவிடம் உடைந்த ஓடுகள் கேட்டுப் போனோம். "உடைந்த ஓடு பிள்ளைகள் கையைக் கிழிக்கும்" என்று மறுத்துவிட்டார். பிறகு அவரே ஒரு வழி சொன்னார். ஓடு போன்ற வளைவுள்ள சிறு துண்டுகளைச் செய்து, விளிம்பை மழுக்கி, மேலே ஒரு துளையும் போட்டு, பாதி காய்ந்த பதத்தில் பள்ளிக்கே கொண்டுவந்தார். நகம் பட்டால் கீறல் விழ வேண்டும், விரல் பட்டால் பள்ளம் விழக் கூடாது. அதுதான் பதம் என்று பிள்ளைகளுக்குக் காட்டினார். தமிழி எழுத்து அட்டவணையைப் பார்த்து ஒவ்வொரு பிள்ளையும் தன் பெயரைக் குச்சியால் கீறியது. 'க' என்பது கூட்டல் குறி போலவும் 'ர' ஒரு நெட்டைக் கோடு போலவும் இருப்பதைக் கண்டு வகுப்பே குதித்தது. பேனா பிடிக்கவே தயங்கும் ஒரு பையன், தன் பெயரை எழுதி முடித்துவிட்டு, பள்ளிக்கு வர முடியாத தன் தங்கையின் பெயரையும் எழுத வேண்டும் என்று கேட்டான். ஐயா அவனுக்கு இன்னொரு துண்டு கொடுத்தார். எல்லாவற்றையும் எடுத்துப்போய்த் தம் சூளையில் வைத்துச் சுட்டுத் திருப்பித் தந்தார். கூலி வாங்கவில்லை. பேரப் பிள்ளைகள் இந்தத் தொழிலுக்கு வரமாட்டார்கள், இத்தனை பிள்ளைகள் மண்ணைத் தொட்டதே போதும் என்றார். பெயர் ஓடுகள் இன்று பிறந்த மாதப்படி பன்னிரண்டு சணல் கயிறுகளில் தொங்குகின்றன.

தாள் வகையில் உதவியவர்களும் குறைவில்லை. மதுரை மாசி வீதிப் பக்கமுள்ள காகிதக் கடைக்காரர் ஓரம் மடங்கிய சார்ட் தாள்களை விலையில்லாமல் தந்தார். வீட்டுக்கு வீடு சேர்த்து வைத்த திருமணப் பத்திரிகைகள் சொல்லட்டைகளாயின. கெட்டியான தாள் என்பதால் எத்தனை கை மாறினாலும் கசங்குவதில்லை. அரசின் எண்ணும் எழுத்தும் திட்ட வகுப்புகளில் பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகளில் இருப்பதால், ஒரே படத்துக்கு எழுத்து, சொல், வாக்கியம் என மூன்று அட்டைகள் வைத்திருக்கிறோம். தினசரிக் காலண்டரின் பெரிய எண்களை வெட்டி எண் பலகைக்கு ஒட்டினோம். மதுரையில் புத்தகம் பைண்டு செய்யும் பெரியவர் மைதாப் பசை காய்ச்சும் பக்குவத்தைக் கற்றுக்கொடுத்தார். தம் தொழிலில் பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் என்ற நச்சுப் பொருளைக் கலப்பார்களாம்; சின்னப் பிள்ளைகள் புழங்கும் இடத்தில் அது கூடவே கூடாது, வேண்டியபோது புதிதாகக் காய்ச்சுங்கள் என்று அவரே எச்சரித்தார். ஐப்பசி மழையில் சுவர் ஓதம் ஏறியபோதும் அவர் சொன்ன யோசனைதான் காப்பாற்றியது: சுவரில் நேரே ஒட்டாமல் பலகைக்குப் பின்னால் விரற்கடை இடைவெளி விட்டோம்.

தையற்கடை அக்கா கொடுத்த சுங்குடித் துண்டுகள் எல்லாப் பலகைகளுக்கும் கரையாக இருக்கின்றன. துணியை முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்குவதால் விழும் புள்ளிகள் அவை என்று ஒரு துண்டில் முடிச்சுப் போட்டே காட்டினார். வரிசைக்கு ஐந்து புள்ளி, நான்கு வரிசை என்று இரண்டாம் வகுப்பு அந்தக் கரையிலேயே பெருக்கல் படித்தது. காலை உணவு சமைக்கும் அக்காமார் வெண்டைக்காய்க் காம்பையும் வெங்காயத் துண்டையும் அச்சுக் குத்தத் தந்தார்கள். சுவரில் பூத்திருக்கும் பூக்கள் எல்லாம் அவர்கள் அடுக்களையிலிருந்து வந்தவை.

பறவைப் பலகைக்கு ஒரு சட்டம் வைத்தோம்: கண்ணால் பார்த்த பறவை மட்டுமே அதில் ஏறும். அரிட்டாபட்டி 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது; ஏறத்தாழ 250 வகைப் பறவைகள் அங்கே பதிவாகியிருக்கின்றன. அவற்றின் படங்களை ஒரே நாளில் ஒட்டிவிடலாம். ஆனால் ஆடு மேய்க்கும் தாத்தா வகுப்பில் உட்கார்ந்து, கரிச்சான் எந்த மாட்டின் முதுகைத் தேடும், செம்போத்து எந்தப் புதரில் நடக்கும், உள்ளான் எப்போது கண்மாய்க்கு வரும் என்று சொன்ன பிறகு, பிள்ளைகள் பார்த்து வரைந்த பறவைகள் ஒவ்வொன்றாக ஏறுகின்றன. அரிட்டாபட்டியின் அரிய வேட்டைப் பறவையான லகர் வல்லூறு இன்னும் ஏறவில்லை. அதைப் பார்த்துவிட்டதாக வாரம் ஒருவர் வருகிறார். தாத்தா கேட்கும் கேள்விகளில் அது பருந்தாகிவிடுகிறது. தம் ஆடுகளைப் பேரனிடம் விட்டுவிட்டு வெள்ளிக்கிழமைதோறும் வந்துபோகும் அவரை எங்கள் பள்ளியின் ஆசிரியர்களில் ஒருவராகவே நாங்கள் கருதுகிறோம்.

தினமும் மாலையில் காகிதத் துணுக்கையும் பசையையும் முகம் சுளிக்காமல் கூட்டித் துடைத்த துப்புரவுப் பணியாளர் அம்மாவுக்கும், பிள்ளைகளின் சட்டையில் ஒட்டிய பெயின்டுக்காக ஒரு வார்த்தைகூடக் கேட்காத பெற்றோருக்கும் மனமார்ந்த நன்றி.

கொடுத்தவர்கள் யாரும் "இதை இப்படி ஒட்டுங்கள்" என்று சொல்லவில்லை. கொஞ்சம் கோணலாக இருக்கும் படங்களும், எழுத்துப் பிழையைத் தாங்களே அடித்துத் திருத்திய வரிகளும் அப்படியே சுவரில் இருக்கின்றன. பெரியவர்களான நீங்கள் கைகட்டி நின்று இதை நடக்கவிட்டீர்கள். பிள்ளைகள் இந்த அறையை "எங்கள் அறை" என்று சொல்வது உங்களால்தான்.

பொங்கல் விடுமுறை முடிந்ததும் பலகைகள் மாறும். அறுவடையும் கண்மாயும் அடுத்த பொருள். நெல் வகைகளின் கதிர்கள் யாரிடமாவது இருந்தால் ஒரு பிடி கொடுத்தனுப்புங்கள். நேரில் வர நினைப்பவர்கள் வெள்ளிக்கிழமை பிற்பகல் வந்தால் தாத்தாவையும் பார்க்கலாம். சுற்றிக் காட்டும் பொறுப்பை மூன்றாம் வகுப்பு ஏற்றிருக்கிறது.

மிக்க அன்புடனும் நன்றியுடனும்,
தலைமை ஆசிரியை,
உடன் ஆசிரியர் மற்றும் மாணவ மாணவியர் சார்பில்