வெள்ளத்துக்கு முந்தைய படமும் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

பேரிடர்களை ரேடார் செயற்கைக்கோள்கள் கண்காணிப்பது பற்றிய கட்டுரை படித்தேன். மேகமும் இருட்டும் ரேடாருக்குத் தடையில்லை என்பதைத் தெளிவாக எழுதியிருந்தீர்கள். ஆனால் முக்கியமான ஒன்று விடுபட்டிருக்கிறது. பேரிடர் நாளில் எடுத்த படத்தை மட்டும் வைத்துக்கொண்டு பெரிதாக எதுவும் சொல்லிவிட முடியாது. எதுவுமே நடக்காத ஒரு நாளில் எடுத்த படமும் கையில் இருக்க வேண்டும்.

வெள்ளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். செயற்கைக்கோள் அனுப்பும் ரேடார் அலை சாய்வாக வந்து தரையில் விழுகிறது; திரும்பி வரும் அலையை வைத்துத்தான் படம் உருவாகிறது. அலையடிக்காத நீர்ப்பரப்பு அதை அப்படியே எதிர்ப்பக்கம் திருப்பிவிடுவதால் செயற்கைக்கோளுக்கு ஏறக்குறைய எதுவும் திரும்பி வருவதில்லை; படத்தில் நீர் கறுப்பாகத் தெரிகிறது. சரி, கறுப்பெல்லாம் நீரா? விமான ஓடுதளமும் கறுப்புதான், உலர்ந்த மணல்வெளியும் கறுப்புதான். மலை மறைப்பதால் அலையே படாத இடமான ரேடார் நிழலும் அப்படியே. பழைய படத்தோடு ஒப்பிட்டு, புதிதாகக் கறுத்த இடங்களைப் பிரித்தெடுத்தால்தான் அது வெள்ள வரைபடம். கட்டடங்களுக்கு நடுவே தேங்கும் நீர் அதிலும் தப்பிவிடும். நீரிலும் சுவரிலும் பட்டுத் திரும்பும் அலைகள் அந்த இடத்தைப் பளிச்சென்று காட்டும். நகரப் பகுதியில் கறுப்பு இல்லை என்பதால் தண்ணீரும் இல்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

நிலநடுக்கத்துக்கு இது இன்னும் பொருந்தும். 1992 ஜூனில் கலிபோர்னியாவின் லேண்டர்ஸ் பகுதி குலுங்கியது. முந்தைய ஆண்டு விண்ணுக்குப் போன ஐரோப்பாவின் ஈ.ஆர்.எஸ்-1 என்ற ரேடார் செயற்கைக்கோள் அந்தப் பாலைவனத்தை ஏற்கெனவே படம்பிடித்து வைத்திருந்தது. முன்னும் பின்னும் எடுத்த படங்களை இணைத்தபோது தரை நகர்ந்த விதம் வண்ணப் பட்டைகளாக விரிந்தது. ஒரு பட்டை சுமார் 2.8 செ.மீ. நகர்வைக் குறிக்கும், அதாவது ரேடார் அலைநீளத்தில் பாதி. 1993-இல் நேச்சர் அறிவியல் இதழில் வந்த அந்தப் படம் இந்தத் துறையையே மாற்றியது. எரிமலை புடைப்பதையும் மலைச்சரிவு மெல்ல ஊர்வதையும் இன்று இதே முறையில்தான் அளக்கிறார்கள். முதல் படம் இல்லையென்றால் இரண்டாவதை வைத்து என்ன செய்வது?

அதனால்தான் ஐரோப்பாவின் சென்டினல்-1பி என்ற ரேடார் செயற்கைக்கோள் 2021 டிசம்பரில் மின்கோளாறால் செயலிழந்ததை நான் பெரிய இழப்பாகக் கருதுகிறேன். அதன் இணையான 1ஏ மட்டும் தனியாகச் சுற்றியது. ஒரே இடத்தை மறுபடி படமெடுக்க சில பகுதிகளில் 6 நாளாக இருந்த இடைவெளி 12 நாளானது. 2024 டிசம்பரில் அதே வரிசையின் 1சி விண்ணுக்குப் போகும் வரை இதே நிலைதான். அந்த மூன்று ஆண்டுகளில் எடுக்காமல் விட்ட படங்களை இனி யாராலும் எடுக்க முடியாது.

இஸ்ரோவும் நாசாவும் சேர்ந்து 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அனுப்பிய நிசார் என்ற ரேடார் செயற்கைக்கோள் 12 நாளுக்கு ஒருமுறை அதே பாதைக்குத் திரும்புகிறது. அதன் 24 செ.மீ. அலை இலைகளை ஊடுருவிப் போவதால் காடு மூடிய சரிவுகளையும் கவனிக்கலாம். தரவுகளை இலவசமாகத் தருவதாகவும் அறிவித்திருக்கிறார்கள். படத்தின் துல்லியத்தைவிட, விடாமல் எடுப்பதும் எல்லோருக்கும் திறந்து வைப்பதும்தான் முக்கியம் என்பேன்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை வெள்ள வரைபடம் அச்சிடும்போது முந்தைய படத்தையும் பக்கத்தில் போடுங்கள். இரண்டின் கீழும் எடுத்த தேதியும் நேரமும் இருக்கட்டும். செயற்கைக்கோள் கடந்துபோன பிறகு நீர் இன்னும் ஏறியிருக்கலாம். காலையில் எடுத்த படத்தை இரவு நிலவரம் என்று நம்பி யாரும் வெளியே கிளம்பிவிடக் கூடாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்