லேப்ராஸ்கோப்பி என்றால் லேசு இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

மலக்குடல் புற்றுநோய்க்கு லேப்ராஸ்கோப்பி (வயிற்றில் சிறு துளைகள் போட்டு, கேமரா வழியே பார்த்துச் செய்யும்) அறுவைசிகிச்சை செய்துகொள்ள, கடலூரிலிருந்து புதுவைக்கு பஸ் ஏறுகிறவர்கள் நிறைய. ‘நாலஞ்சு ஓட்டைதான், சீக்கிரம் வீட்டுக்கு வந்துடலாம்’ என்று சொந்தபந்தங்கள் தைரியம் சொல்வார்கள். தழும்பு சிறிது, வலியும் குறைவு, சரி. ஆனால் உள்ளே குடலை வெட்டி இணைப்பது அதேதான். அந்த இணைப்பு கசிந்தால் உயிருக்கே ஆபத்து.

கட்டி ஆசனவாய்க்குப் பக்கத்தில் இருந்தால் கசிவு அபாயம் கூடுகிறது. ஆண்களுக்கு இடுப்பெலும்புக் கூடு குறுகல். கருவியைத் திருப்பவே இடம் போதாது. தொப்பையும் சேர்ந்தால் இன்னும் சிரமம். கட்டி இருக்கும் இடத்தை நாம் மாற்ற முடியாது. ஆனால் புகை, குடி, ரத்தசோகை, கட்டுப்படாத சர்க்கரை, சத்துக்குறைவு ஆகியவற்றைச் சரிசெய்யலாம். சிகரெட்டை 4 வாரம் முன்பே நிறுத்தினாலும் பலன் உண்டு. பலருக்கு முதலில் கதிர்வீச்சும் கீமோவும் தருவதால் வாரக்கணக்கில் அவகாசம் கிடைக்கிறது. நம் வீடுகளிலோ ‘ஆகாது’ என்று முட்டை, மீனை நிறுத்திவிட்டுக் கஞ்சியே ஊற்றுகிறோம், அதுவும் கடலோரத்தில் இருந்துகொண்டு!

இணைப்பு ஆறும்வரை மலம் வெளியேற வயிற்றில் தற்காலிகப் பை வைப்பதற்கும் பலர் மறுக்கிறார்கள். கசிவு வந்தால் பாதிப்பைக் குறைப்பதே அந்தப் பைதான். வீடு திரும்பியபின் காய்ச்சல், வயிற்றுவலி, நெஞ்சுப் படபடப்பு வந்தால் அது கசிவின் அறிகுறியாக இருக்கலாம். மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுச் சமாளிக்கக் கூடாது; அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இவற்றைத் தமிழில் ஒரு தாளில் அச்சிட்டு, அனுமதிக்கும்போதே நோயாளியின் வீட்டாரிடம் மருத்துவமனைகள் கொடுக்க வேண்டும்.

– ஒரு வாசகர், திருப்பாதிரிப்புலியூர், கடலூர்